காகிதத்தில் வரும் கோடு டேப்லெட்டில் ஏன் நடுங்குகிறது?

ஜனவரி 6, காலை (வாசகர் கேள்வி)

பன்னிரண்டு வருடமாகப் பென்சிலும் மைப்பேனாவும்தான். நான்கு மாதம் முன்பு திரையில்லாத டேப்லெட் (தனிப் பேனாவால் வரையும் பலகை) ஒன்றை வாங்கிக் கணினியோடு இணைத்தேன். காகிதத்தில் ஒரே இழுப்பில் வரும் கோடு இங்கே நடுங்குகிறது. வட்டம் போட்டால் முட்டை. குறை என் கையிலா, கருவியிலா? "பழகினால் சரியாகும்" என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். நான்கு மாதமாகப் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜனவரி 6, இரவு (என் பதில்)

கைதான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதை. காகிதத்தில் கண்ணும் கையும் ஒரே இடத்தில் இருக்கின்றன. திரையில்லாத டேப்லெட்டில் கை மேசையில், கண் எதிரே. இந்தப் பிரிவு எனக்குப் பழக ஆறு மாதம் ஆனது. அதுவரை மென்பொருளில் கோட்டைச் சமன்செய்யும் ஸ்டெபிலைசரைப் பாதிக்கு மேல் ஏற்றி வையுங்கள், நடுக்கம் போய்விடும்.

ஜனவரி 7

நேற்று எழுதியதில் பாதியை வாபஸ் வாங்க வேண்டியிருக்கும் போல. "வட்டம் போட்டால் முட்டை" என்றதை நான் வேடிக்கைப் பேச்சு என்று தாண்டிவிட்டேன். படுக்கப் போன பிறகுதான் உறைத்தது. கை நடுங்கினால் வட்டம் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகக் கோணும். எப்போதும் முட்டையாகவே வருகிறது என்றால் அது கை வேலை இல்லை.

ஒரு டப்பா மூடியை டேப்லெட் மேல் வைத்து, விளிம்பை ஒட்டிப் பேனாவால் ஒரு சுற்று வாருங்கள். திரையில் விழுவது வட்டமா, படுத்த முட்டையா, நின்ற முட்டையா என்று மட்டும் சொல்லுங்கள்.

ஜனவரி 9

படுத்த முட்டை என்கிறீர்கள். நினைத்தேன்.

நீங்கள் சொன்ன அளவைப் பார்த்தால் உங்கள் டேப்லெட்டின் வரையும் பரப்பு 16:10. திரை 16:9. டிரைவர் (டேப்லெட்டைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) என்ன செய்கிறது என்றால், முழுப் பரப்பையும் முழுத் திரையோடு பொருத்திவிடுகிறது. அகலம் 16க்கு 16 என்று சரியாக உட்கார்ந்துவிடும். உயரத்தில் 10 பங்கை 9 பங்குக்குள் திணிக்க வேண்டும். மேசையில் நீங்கள் போடும் ஒழுங்கான வட்டம் திரையில் பத்துக்கு ஒன்பது என்று சப்பையாகிறது.

இரண்டு மடங்கு சப்பையாகியிருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பீர்கள். பத்தில் ஒரு பங்கு என்பதுதான் வம்பு. கண் திரையைப் பார்த்துத் திருத்திக்கொண்டே போகும், கை தனக்குப் பழகிய வட்டத்தையே போடப் பார்க்கும். நடுவில் நடக்கும் இழுபறி கோட்டில் தெரியும்.

டிரைவர் செட்டிங்ஸில் விகிதத்தை மாறாமல் வைக்கும் தேர்வு ஒன்று இருக்கும். அதை டிக் செய்தால் டேப்லெட்டின் அடியில் ஒரு பட்டை செத்துப்போகும். போகட்டும். இரண்டு திரை வைத்திருப்பவர்கள் டேப்லெட்டை ஒரு திரைக்கு மட்டும் ஒதுக்குங்கள். இல்லையென்றால் முட்டை படகாகிவிடும்.

எனக்கு இது எப்படித் தெரியும்? இரண்டு வருடம் நான் வரைந்த முகமெல்லாம் அகலமாக இருந்தது. என் பாணி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 9, கொஞ்ச நேரம் கழித்து

ஆக, கூடம் கோணல்தான். அந்தப் பழமொழிக்கு மன்னிப்பு.

ஜனவரி 14

வட்டம் சரியாகிவிட்டது, நடுக்கம் போகவில்லை என்கிறீர்கள். சரி, கையையும் கருவியையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஸ்டெபிலைசரைச் சுழியத்துக்கு இறக்குங்கள். மெல்லிய பிரஷ் ஒன்றை எடுங்கள். டேப்லெட் மேல் ஸ்கேலைச் சாய்வாக வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதன் ஓரமாக நத்தை வேகத்தில் ஒரு கோடு. பிறகு அதே ஸ்கேல், அதே சாய்வு, விருட்டென்று ஒரு கோடு. பிறகு படுக்கையாக ஒன்று, செங்குத்தாக ஒன்று.

ஸ்கேலை ஒட்டிப் போகும்போது கை நடுங்க இடமில்லை. அப்படியும் மெதுவான சாய்வுக் கோட்டில் ஒரே சீரான இடைவெளியில் அலை தெரிந்தால், அது டேப்லெட்டின் அலை. கையின் நடுக்கம் பலகையில் அளந்து வைத்தது போல ஒரே இடைவெளியில் வராது. கருவியின் நடுக்கம் வரும்.

காரணமும் சொல்லிவிடுகிறேன். பேட்டரி இல்லாத பேனா என்றால் பலகைக்கு உள்ளே கம்பிச் சுருள்கள் வலைபோல ஓடும். அவை அனுப்பும் மின்காந்த அலைக்குப் பேனாவுக்குள் இருக்கும் சிறு சுருள் ஒத்ததிர்ந்து பதில் அனுப்பும். எந்தச் சுருளுக்குப் பதில் பலமாக வந்தது, பக்கத்துச் சுருளுக்கு எவ்வளவு வந்தது என்று பார்த்து, இரண்டுக்கும் நடுவே பேனா எங்கே நிற்கிறது என்று கணக்குப் போட்டு ஊகிக்கிறது டேப்லெட். அந்த ஊகத்தில் ஒரு துளி பிசகு இருந்தால், ஒவ்வொரு சுருளைத் தாண்டும்போதும் அதே பிசகு திரும்ப வரும். வேகமாகப் போனால் தெரியாது, மெதுவாகப் போனால் பாம்பு நெளிவு.

என்னுடையதில் சோதித்தேன். பயங்கரமான நெளிவு. ஆறு வருடம் இதிலா வரைந்தேன் என்று ஆகிவிட்டது.

ஜனவரி 15

நிறுத்துங்கள். நான் வைத்தது ஸ்டீல் ஸ்கேல்.

மின்காந்தத்தில் வேலை செய்யும் கருவிமேல் இரும்பை வைத்துவிட்டு "ஐயோ அளவு தப்புகிறதே" என்று புலம்பியிருக்கிறேன். இன்று பிளாஸ்டிக் ஸ்கேலோடு திரும்பப் போட்டேன். நெளிவு இருக்கிறது, ஆனால் நேற்றைக்குப் பாதிகூட இல்லை. நேற்று ஸ்டீல் ஸ்கேலில் போட்டுப் பார்த்து மனம் உடைந்தவர்கள் மறுபடி போடுங்கள். டேப்லெட்டுக்கு அடியில் உலோக மேசை, பக்கத்தில் ஸ்பீக்கர், காந்தம் வைத்த உறை எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள்.

ஜனவரி 17

அந்த டப்பா மூடியும் பிளாஸ்டிக்காகத்தான் இருந்திருக்க வேண்டும். உங்களுடையது என்ன மூடி என்று கேட்கவே இல்லை. பிளாஸ்டிக் என்று பதில் வந்தது. பிழைத்தேன்.

ஜனவரி 21

உங்கள் ஸ்கேல் படத்தைப் பார்த்தேன். வேகமான கோடு சுத்தம், மெதுவான சாய்வில் லேசான அலை. ஆனால் நீங்கள் காட்டிய ஓவியத்தில் இருக்கும் நடுக்கம் அதைவிடப் பெரிது. இன்னொன்று இருக்கிறது.

டேப்லெட்டின் அகலம் 15 செ.மீ. என்றீர்கள். 24 அங்குல 16:9 திரை 53 செ.மீ. அகலம் இருக்கும். 15ஐ 53ஆக விரித்தால் மூன்றரை மடங்கு. மேசையில் உங்கள் கை அரை மில்லிமீட்டர் தடுமாறினால் திரையில் அது கிட்டத்தட்ட 1.75 மி.மீ. காகிதத்திலும் அதே அரை மில்லிமீட்டர் தடுமாற்றம் இருந்திருக்கும், யார் பார்த்தார்கள்? டேப்லெட் உங்கள் கையைக் கெடுக்கவில்லை, பூதக்கண்ணாடி வைத்துக் காட்டுகிறது.

22 செ.மீ. அகலம் இருந்தால் இதே பெருக்கம் சுமார் 2.4ஆகக் குறையும். அதற்காகப் புதிது வாங்காதீர்கள். பெரிய டேப்லெட்டில் முழங்கையை மேசையில் ஊன்றி வரைய முடியாது, தோள் வேலை செய்ய வேண்டும். அதற்கு இடமும் வேண்டும், பழக்கமும் வேண்டும். பெரியதை வாங்கி அதன் நடுவில் உள்ளங்கை அகலத்தில் மட்டும் வரைந்துகொண்டிருப்பவர்கள் எனக்குத் தெரியும். கண்ணாடியில் ஒருவரைத் தினமும் பார்க்கிறேன்.

ஜனவரி 23

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கருவியைச் சோதிக்க ஓவியம் வரையாதீர்கள், கையெழுத்துப் போடுங்கள்.

ஓவியம் தப்பாக வந்தால் ஆயிரம் காரணம் இருக்கும். உங்கள் கையெழுத்து அப்படி இல்லை. கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் வரும், யோசித்தால்தான் வராது. காகிதத்தில் பத்து கையெழுத்து, டேப்லெட்டில் பத்து. டேப்லெட்டில் உங்களுடையது மாதிரியே இல்லை என்றால் இன்னும் செட்டிங்ஸில் எங்கேயோ கோணல் இருக்கிறது. உங்களுடையது மாதிரியே இருந்தால் குறை கையில்.

நான் அதோடு "ழ" என்றும் "ஞ" என்றும் எழுதிப் பார்ப்பேன். நேராக இறங்கி, சுழித்து, கீழே வளைந்து மேலே ஏற வேண்டும். பிரஷ் எங்கே திணறுகிறது, எங்கே பின்தங்குகிறது என்று ஒரே எழுத்தில் தெரிந்துவிடும்.

பிப்ரவரி 2

ஸ்டெபிலைசர் விஷயத்தில் முதல் நாள் நான் சொன்னதை யாரும் கேட்டிருக்கக்கூடாது. நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். கையெழுத்து மெழுகு பொம்மை வெயிலில் நின்றது போல இருக்கிறது என்று படம் போட்டிருந்தீர்கள். சரியான வர்ணனை.

பேனா கடந்துவந்த புள்ளிகளைக் கூட்டிச் சராசரி எடுத்துத்தான் ஸ்டெபிலைசர் கோடு போடும். நடுக்கம் சராசரியில் கரையும். கூடவே கூர்மையான திருப்பமும் கரையும், ஏனென்றால் திருப்பத்துக்கும் நடுக்கத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. "ஞ"வின் உட்சுழி மறைந்துபோவது அதனால்தான். இமை முடியின் நுனி மொட்டையாவதும் அதனால்தான். கோடு பேனாவுக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்தது மாதிரி வரும்.

கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் இதற்கு இப்படிச் சில நிலைகள் உண்டு: எதுவும் இல்லை, அடிப்படை, எடையிட்டது, முழு ஸ்டெபிலைசர். நான் அடிப்படையில் வைத்திருக்கிறேன். நீளமான, ஒரே வளைவாகப் போகும் கோடு வேண்டும்போது மட்டும் எடையிட்டதுக்கு மாறுவேன். ஐபேடில் வரையும் செயலியான புரோகிரியேட்டில் ஸ்ட்ரீம்லைன் என்பது இதற்கு உறவுக்காரன், பிரஷுக்குப் பிரஷ் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 3

"சித்திரமும் கைப்பழக்கம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இன்னும் யாரும் சொல்லவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 11

8192 அழுத்த நிலைகள் உள்ள பேனாவுக்கு மாறினால் நடுக்கம் குறையுமா என்ற கேள்வி. குறையாது. 1024 இருந்த காலத்திலும் அருமையாக வரைந்தார்கள். அப்புறம் 2048 வந்தது, 8192 வந்தது. மனிதக் கைக்கு அத்தனை படி பிரித்து அழுத்தத் தெரியாது. அட்டைப்பெட்டியில் அச்சடிக்கப் பெரிய எண் வேண்டும், அவ்வளவுதான்.

அட்டைப்பெட்டியில் அச்சடிக்காத எண் ஒன்று இருக்கிறது: கோடு தொடங்க எவ்வளவு மெதுவாக அழுத்தினால் போதும் என்பது. இதற்கு எண் தேவையே இல்லை. பேனாவின் வாலை இரண்டு விரலால் சும்மா தாங்கிப் பிடித்து, அதன் சொந்த எடையிலேயே பலகைமேல் இழுத்துப் பாருங்கள். கோடு விழுந்தால் நல்ல பேனா. விழவில்லை என்றால், ஒவ்வொரு கோட்டையும் தொடங்கவே நீங்கள் அமுக்க வேண்டியிருக்கும். அமுக்கினால் விரல் இறுகும். விரல் இறுகினால் நடுங்கும். நடுக்கத்துக்கு இது நேரடிக் காரணம், இதை யாருமே சந்தேகப்படுவதில்லை.

டிரைவரிலும் மென்பொருளிலும் அழுத்த வளைவு என்று ஒரு படம் இருக்கும், ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் போகும் கோடு. கிரிட்டாவில் டேப்லெட் செட்டிங்ஸ் பக்கத்தில் இருக்கிறது. கோட்டின் நடுவைப் பிடித்து மேலே வளைத்தால் மெல்லத் தொட்டாலே தடித்த கோடு வரும், கீழே வளைத்தால் நன்றாக அமுக்கினால்தான் தடிக்கும். நான் முதல் மூன்று வருடம் அந்தப் படத்தை அலங்காரம் என்று நினைத்தேன்.

என் கை கனமான கை. பால்பாயிண்ட் பேனாவில் எழுதினால் அடுத்த மூன்று பக்கத்திலும் பள்ளம் தெரியும். அதனால் கீழே வளைத்துக்கொண்டேன். நீங்கள் மைப்பேனாக்காரர், மேலே வளைத்துப் பாருங்கள். ஒரே இடத்தில் வளையுங்கள், டிரைவரில் ஒன்று மென்பொருளில் ஒன்று என்று இரண்டு இடத்தில் கை வைத்தால் பிறகு எது எதை மாற்றியது என்று தெரியாது. சொந்த அனுபவம், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

பிப்ரவரி 12

ஐபேட் வாங்கப் போகிறவருக்கு, நடுவில் ஒரு வரி: 2023இல் வந்த யூஎஸ்பி-சி ஆப்பிள் பென்சிலில் அழுத்த உணர்வு கிடையாது. பெயரும் தோற்றமும் ஒரே மாதிரி இருக்கும், பார்த்து எடுங்கள்.

பிப்ரவரி 19

"கையைப் பார்க்காமல் திரையைப் பார்த்து வரைவது இயற்கைக்கு விரோதம், நேற்று வந்த பழக்கம்" என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். நேற்று இல்லை. 1963இல் ஐவன் சதர்லாண்ட் அமெரிக்காவின் எம்ஐடியில் செய்த ஸ்கெட்ச்பேட் என்ற வரையும் நிரலில் ஒளிப்பேனாவைத் திரைமேலேயே வைத்து வரைந்தார்கள். அடுத்த வருடம், 1964இல், ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் டேப்லெட் வந்தது. பலகை மேசையில், படம் எதிரே. அதாவது திரையுள்ளதா, திரையில்லாததா என்று நாம் இங்கே போடும் சண்டைக்கு அறுபது வயது தாண்டிவிட்டது.

மவுஸ் நகர்த்தும்போது யாராவது கையைப் பார்க்கிறோமா?

இன்னொன்று. பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி ஐபோனில் விரலாலேயே வரைந்தார், 2010இல் ஐபேட் வந்ததும் அதற்கு மாறினார். அப்போது அந்தத் திரைக்கு அழுத்தம் உணரும் பேனாவே கிடையாது. முதல் ஆப்பிள் பென்சில் 2015இல்தான் வந்தது. இதை எழுதிவிட்டு என் பிப்ரவரி 11 குறிப்பைத் திரும்பப் படித்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் வளைவைச் சரிசெய்யுங்கள். நாம் ஹாக்னி இல்லை.

மார்ச் 1

வழுக்கல் பற்றி எழுதியிருந்தீர்கள். காகிதம் பென்சிலைப் பிடித்துக்கொள்ளும், பிளாஸ்டிக் நிப் வழவழப்பான பரப்பில் ஓடிப்போகும். இது உண்மை. சொரசொரப்பான ஒட்டுத்தாள் போட்டால் பிடிப்பு வரும், கூடவே நிப் தேயும். ஃபெல்ட் நிப் போட்டால் இன்னும் பிடிப்பு, இன்னும் சீக்கிரம் தேயும். எல்லாவற்றையும் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டேன்.

தேய்வதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். நாம் எப்போதும் ஒரே சாய்வில்தான் பேனாவைப் பிடிக்கிறோம். அதனால் நிப்பின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, உளி மாதிரி ஒரு விளிம்பு உண்டாகும். விரல் நகத்தால் தடவினால் தெரியும், மேலே ஒரு சின்ன மேடு இடறும். பேனாவைக் கொஞ்சம் உருட்டிப் பிடித்த அன்று அந்த விளிம்பு பலகையில் பதிந்து கீறிவிடும். என் டேப்லெட்டின் நடுவில், புருவம் வரையும் இடத்தில், அப்படி ஒரு கீறல் இருக்கிறது. ஒவ்வொரு புருவமும் அந்த இடத்தில் ஒரு குதி குதிக்கிறது. இப்போதெல்லாம் வாரத்துக்கு ஒரு முறை நிப்பைக் கால் சுற்று திருப்பி வைக்கிறேன். உளியாகிவிட்டால் தயங்காமல் கழற்றிப் போடுங்கள். பேனாவோடு வரும் சிறு வளையம் எதற்கு என்று கேட்டவருக்கு: நிப்பைக் கவ்வி இழுக்க. சாவிக்கொத்தில் மாட்ட அல்ல.

திரையுள்ள டேப்லெட்டில் இந்த ஒட்டுத்தாள் ஒட்டினால் வெள்ளைப் பரப்பில் வானவில் பொடி தூவினது போல் தெரியும். சிலருக்குப் பழகிவிடும். எனக்குப் பழகவில்லை, உரித்துவிட்டேன்.

மார்ச் 16

அன்டூ.

பேனாவின் பக்கவாட்டுப் பொத்தானில் அன்டூவை, அதாவது கடைசியாகப் போட்ட கோட்டை அழிக்கும் கட்டளையை, வைத்திருக்கிறேன். நேற்று ஒரு கை வரைந்தேன், வெறும் கை, ஐந்து விரல். பக்கத்தில் ஒரு தாளில் எத்தனை தடவை அன்டூ என்று புள்ளி வைத்துக்கொண்டே வந்தேன். 140க்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். சுண்டுவிரலின் வெளிக்கோட்டை மட்டும் முப்பதுக்கும் மேல் போட்டிருக்கிறேன், முப்பதும் ஒரே மாதிரித் தப்பு.

பொத்தானிலிருந்து அதை எடுத்துவிட்டேன். ஒரு மாதம் அன்டூ இல்லை, ஒரே லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித் தாள் மாதிரி). பார்ப்போம்.

மார்ச் 19

கை தானாகப் பொத்தானை அமுக்குகிறது. ஒன்றும் நடக்காததால் இன்னும் இரண்டு தடவை அமுக்குகிறது. மின்வெட்டில் சுவிட்ச் போடுவது மாதிரி.

ஏப்ரல் 17

மாதம் முடிந்தது. முதல் வாரம் போட்டதெல்லாம் குப்பை. இரண்டாவது வாரத்தில் ஒன்று பிடிபட்டது.

காகிதத்தில் தப்பான கோடு அழியாமல் அங்கேயே நிற்கும். அடுத்த கோட்டை "இதைவிடக் கொஞ்சம் உள்ளே" என்று அதைப் பார்த்துத்தான் போடுவோம். தப்பான கோடுதான் சரியான கோட்டுக்கு அளவுகோல். அன்டூ அந்த அளவுகோலைத் துடைத்துவிடுகிறது. மறுபடி வெற்றிடம், மறுபடி அதே ஊகம், மறுபடி அதே தப்பு. முப்பது சுண்டுவிரலும் ஒரே மாதிரி வந்தது அதனால்தான்.

நடுக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. எப்படியும் அழிக்கப்போகிறோம் என்று தெரிந்தால் கை அரை மனதோடு கோட்டைத் தொடங்கும், வழியில் கண் தீர்ப்புச் சொல்லக் காத்திருக்கும், கோடு முடிவதற்குள்ளேயே விரல் பொத்தானுக்குப் போயிருக்கும். அந்தக் கோடு எப்படி நேராக வரும்? அன்டூ இல்லாத மூன்றாம் வாரத்தில் என் கோடு வேகமானது. வேகமானதும் நடுக்கம் குறைந்தது.

ஏப்ரல் 18

நேற்று எழுதியது கொஞ்சம் சாமியார் பேச்சாக இருக்கிறது. பொத்தானில் அன்டூ திரும்ப வந்துவிட்டது. கீழ்வரைவில் தொடுவதில்லை. தப்பை விட்டுவிட்டுப் பக்கத்தில் இன்னொரு கோடு, எல்லாம் முடிந்ததும் அந்த லேயரை மங்கலாக்கிவிட்டு மேலே புது லேயர். அந்த மேல் லேயரில், மை வேலையில், தாராளமாக அன்டூ போடுகிறேன். அங்கே எந்தக் கோடு வேண்டும் என்று ஏற்கெனவே தெரியும்.

ஏப்ரல் 20

திரையுள்ள டேப்லெட் வாங்கினால் எல்லாம் தீருமா என்றால், கையும் கண்ணும் ஒரே இடத்துக்கு வரும். அது பெரிய நிம்மதி, பொய் சொல்லமாட்டேன். ஒரு வருடம் வைத்திருந்தேன். கழுத்து போய்விட்டது. குனிந்தே வரைவோம், அதுவும் கோடு நுணுக்கமாகும்போது மூக்கு கண்ணாடியில் முட்டும். இப்போது திரையில்லாததற்கே திரும்பிவிட்டேன், நிமிர்ந்து உட்கார்ந்து வரைகிறேன். சாய்வாகத் தூக்கி நிறுத்தும் தாங்கி வாங்கினால் தீரும் என்பார்கள். பாதி தீரும்.

கண்ணாடிக்கும் உள்ளே இருக்கும் படத்துக்கும் இடைவெளி இருந்தால் நிப் ஒரு இடத்தில், கோடு கொஞ்சம் தள்ளி விழும். ஒட்டுத் திரையாக, இடையில் காற்று இல்லாததாக இருந்தால் இது வெகுவாகக் குறையும். ஓரங்களில் பேனாவை வைத்துப் பாருங்கள், நடுவில் ஒழுங்காக இருப்பது அங்கே விலகும்.

ஏப்ரல் 28

கேன்வாஸ் அளவு கேட்டவருக்கு. அச்சுக்குப் போகும் என்றால் ஏ4 தாள் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 2480 × 3508 பிக்சல், முதலிலேயே அந்த அளவில் தொடங்குங்கள். ஒரு லேயர் முழுக்க நிரம்பினால் நினைவகத்தில் சுமார் 35 எம்பி. நூறு லேயருக்கு மூன்றரை ஜிபி. பேனா பின்தங்குகிறது, கோடு தாமதமாக வருகிறது என்பவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் பாருங்கள். தாமதம் இருந்தால் கை காத்திருக்கும், காத்திருந்தால்... சரி, நடுக்கத்துக்கே வந்துவிடுகிறேன்.

மே 9

கையெழுத்துச் சோதனையில் தேறிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். டேப்லெட்டிலும் காகிதத்திலும் ஒரே கையெழுத்து. ஓவியத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் நடுக்கம். வரையும்போது திரையைப் பதிவு செய்து அனுப்பியதற்கு நன்றி, அதில் எல்லாம் தெரிந்துவிட்டது.

நீங்கள் 400 சதவீதம் ஜூம் செய்து வரைகிறீர்கள். தோளிலிருந்து இடுப்புவரை போகும் ஒரு கோட்டை ஏழு துண்டாகப் போடுகிறீர்கள், ஏழும் மெதுவாக. ஒவ்வொரு ஒட்டிலும் ஒரு முடிச்சு. காகிதத்தில் இதை நீங்கள் செய்யவே முடியாது, காகிதத்துக்கு ஜூம் இல்லை. நான் போன ஜனவரியில் "கைதான்" என்று சொன்னேனே, அது கடைசியில் ஏழில் ஒரு பங்கு சரி. கைக்குப் பழக்கமில்லை என்பதல்ல, பழகிய விதத்தில் கையை விடவில்லை.

முழு உருவமும் திரையில் தெரியும் அளவுக்கு வெளியே வாருங்கள். கோட்டின் தொடக்கத்தில் பேனாவைத் தொடாமல் இரண்டு தடவை காற்றில் ஓட்டிப் பாருங்கள். கண்ணை முனையில் வைக்காதீர்கள், கோடு முடிய வேண்டிய இடத்தில் வையுங்கள். பிறகு ஒரே இழுப்பு.

மே 12

சரியாக வருகிறது, ஆனால் இடுப்பு வளைவில் மட்டும் அந்தச் சீரான அலை தெரிகிறது என்கிறீர்கள். அது கருவியுடையது, ஜனவரி 14இன் சொத்து, அது போகாது. சாய்வுக் கோட்டில்தானே வருகிறது? காகிதத்தைத் திருப்பிக்கொள்வதில்லையா, அதேபோலக் கேன்வாஸைத் திருப்புங்கள். சாய்வாகப் போக வேண்டிய கோடு பலகையில் படுக்கையாகப் போகட்டும். கிரிட்டாவில் 4 இடப்பக்கம் திருப்பும், 6 வலப்பக்கம், 5 பழையபடி நேராக்கும்.

என் விசைப்பலகையில் அந்த மூன்று எண்ணும் எப்போதோ தேய்ந்துவிட்டன. ஏன் அவை மட்டும் தேய்ந்தன என்று ஜனவரிக்கு முன்னால் நான் யோசித்ததே இல்லை. கூடம் கோணல் என்று கைக்கு முன்பே தெரிந்திருக்கிறது.